வராதவனுக்கு ஓர் இலை

அண்ணாமலை பிள்ளை செத்த வீட்டில் யாரும் பொய் சொல்கிற மாதிரி தெரியவில்லை. எனக்கு இடித்தது அதுதான். பொய்யர்கள் நிறைந்த வீடென்றால் தாவூத்தாகிய எனக்கு ஒரு வேலை இருக்கும். யாராவது உளறுவார்கள், நான் நக்கலடிப்பேன், என் முதலாளி சேதுராமன் கப்பென்று பிடித்துக்கொள்வார். இங்கே எல்லோரும் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு அமைதியாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஊரில் காஜா பெராங் பக்கம் இந்த மாதிரிக் குடும்பங்கள் நிறைய உண்டு. எந்தக் காலத்திலோ கடல் கடந்து வந்து, இங்கேயே பெண்ணெடுத்து, தமிழை மறந்து சாமியை மறக்காதவர்கள். வீட்டில் பேசுவது மலாய். அவர்கள் பேசியதை நான் தமிழில் சொல்கிறேன், குறையிருந்தால் என் தலையில் போடுங்கள்.

நடந்தது இதுதான். முந்தாநாள் அந்த வீட்டில் பழ பார்ச்சு. பழக் காலத்தில் முன்னோருக்கு வைக்கும் படையல் அது. செத்துப்போன ஒவ்வொருவருக்கும் ஓர் இலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததைச் சமைத்து வைப்பார்கள். சாம்பிராணி போட்டுக் கதவைச் சாத்திவிட்டு, வீட்டார் முன்கூடத்தில் கண்ணை மூடி உட்கார வேண்டும். உள்ளே முன்னோர் சாப்பிடுவார்கள். அப்புறம் கதவைத் திறந்து அந்த இலைகளை வீட்டார் எடுத்துக்கொள்வார்கள். அன்று அப்படி எடுத்துச் சாப்பிட்ட பெரியவர் அண்ணாமலை பிள்ளை, பொழுது சாய்வதற்குள் வாய் குழறிக் கண் செருகிச் செத்தார். ஊமத்தை என்றார் டாக்டர்.

சமைத்தவள் மருமகள் தனலட்சுமி. இன்ஸ்பெக்டர் ராஜரத்தினம் அவளைக் கேட்ட முதல் கேள்வி, சமைக்கும்போது ருசி பார்த்தாயா என்பது. இல்லை என்றாள். ஒரு தடவைகூடவா என்றார். ஒரு தடவைகூட இல்லை என்றாள். அத்தனை சட்டியையும் உப்புப் பார்க்காமல் ஒருத்தி இறக்கி வைத்தாளென்றால் உள்ளே இருப்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்று முடிவு கட்டி, ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். விடிந்தால் கொலைக் குற்றம் பதிவாகும். தெருவெல்லாம் வரப்போகிற மெர்டேக்காவுக்கு, நாட்டின் சுதந்திர நாளுக்கு, தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கொடி மாறினாலும் தூக்குக் கயிறு மாறப்போவதில்லை.

அவள் புருஷன் ராமச்சந்திரன்தான் எங்களை அழைத்திருந்தான். அவன் கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"படையலுக்கு முந்தி சமைக்கிறவங்க ருசி பார்க்கலாமா?" என்று கேட்டார் சேதுராமன்.

"எச்சியாயிடும் துவான். எங்க வீட்ல பச்சைப் புள்ளகூட தொடாது" என்றான். துவான் என்றால் ஐயா.

"அப்ப இன்ஸ்பெக்டர் கண்டுபிடிச்ச தடயம் இந்த வீட்டு வழக்கம்" என்றேன் நான். "செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்ததுக்கும் பிடிச்சிருக்கணுமே, காலடித் தடத்தை மறைச்சதா."

சேதுராமன் சிரிக்கவில்லை. அவர் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். ஆமா, இல்லை என்ற இரண்டு பதிலைத் தவிர எதையும் காதில் வாங்காத நீதிபதிகளுக்கு நடுவில் அலுத்துப்போய் வெளியே வந்தவர். மற்ற துப்பறிவாளர்கள் துப்பாக்கி வைத்திருப்பார்கள். இவர் காப்பிக் கடைக் கண்ணாடித் தம்ளர் ஒன்றைப் பையில் வைத்திருக்கிறார். இப்போது அதை எடுத்து ராமச்சந்திரனுக்கு முன்னால் வைத்தார்.

"நான் ஆமாவா இல்லையான்னு கேக்க மாட்டேன். எவ்வளவுன்னு கேப்பேன். நீங்க விரலை வச்சுக் காட்டுங்க. அன்னிக்கு எவ்வளவு சாப்பிட்டீங்க?"

ராமச்சந்திரனின் விரல் தம்ளரின் விளிம்பில் நின்றது.

"தலை சுத்துச்சுன்னு போலீஸ்ல சொல்லியிருக்கீங்க. எவ்வளவு?"

விரல் அடித்தட்டுக்கு இறங்கியது. "பயத்துல சொன்னது துவான்."

"அதிகம் சாப்பிட்ட ஆளுக்கு ஒண்ணும் ஆகல. அப்ப சட்டியில விஷமில்ல. ஒரே ஒரு இலையில. அப்பா எந்த இலையை எடுத்தார்?"

ராமச்சந்திரன் உள்கதவைப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"நடராஜன் இலையை."

நடராஜன் அவனுடைய அத்தை மீனாச்சியின் ஒரே மகன். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போனவன். உடலும் வரவில்லை, சேதியும் வரவில்லை. அவனுக்கும் ஓர் இலை போடலாம் என்று பெரியவர் ஒவ்வொரு பார்ச்சுக்கும் சொல்வாராம். செத்தவங்களுக்குத்தான் இலை, என் புள்ள செத்ததை யார் பார்த்தது என்று மீனாச்சி மறித்துவிடுவாராம். இந்த வருஷம் பெரியவர் பிடிவாதமாகச் சொல்ல, தனலட்சுமி போட்டிருக்கிறாள்.

"அத்தை என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. சும்மா பார்த்துக்கிட்டே இருந்தாங்க."

"உங்க வீட்ல போட்ட இலையை யார் எடுக்கணும்?"

"யார் போட்டாங்களோ அவங்க. தனாதான் எடுத்திருக்கணும். அப்பா முந்திக்கிட்டாரு."

"ஏன்?"

"சத்தம் கேட்டுச்சு துவான். உள்ள, அவங்க சாப்பிடும்போது."

நான் மனசுக்குள் பிஸ்மில்லா சொல்லிக்கொண்டேன். சேதுராமன் அடுத்த கேள்விக்குப் போனார்.

"இதை இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"உள்ள யாராவது போனாங்களான்னுதான் அவர் கேட்டாரு. யாரும் போகல. போக முடியாது."

"சத்தம் எவ்வளவு?"

விரல் கால் தம்ளரில் நின்றது. பலகைத் தரையில் மெதுவாக நடக்கிற மாதிரி என்றான்.

"யாராவது ஒரு ஆள் உள்ள போயிருக்கலாம்னு நினைக்கிறீங்களா? எவ்வளவு?"

அவன் தம்ளரைத் தொடவே இல்லை.

"முன்னோர் வந்தாங்கன்னு?"

விரல் விளிம்புக்குப் போனது. "தனாவும் கேட்டா. அப்பா அழுதாரு துவான். நடராஜன் வந்துட்டான், மெதுவா வந்து தன் இலைகிட்ட நிக்கிறான்னாரு. கதவைத் திறந்ததும் நேரா போய் அந்த இலையில உக்காந்துட்டாரு."

"அப்ப உங்க அத்தை எங்க இருந்தாங்க?"

"எங்களுக்குப் பின்னால" என்றான். பிறகு அவனாகவே விரலைப் பாதித் தம்ளரில் வைத்தான். "நான் திரும்பிப் பார்க்கல. கண்ணைத் திறக்கக் கூடாதே."

படையல் போட்ட அறையில் சாம்பிராணி வாடை இன்னும் போகவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. அறைக்குப் பின்னால் ஒரு கதவு, அதில் எந்தப் பக்கமிருந்தும் நீக்கக்கூடிய கொக்கி மட்டும். கொக்கியை நீக்கினால் அடுக்களை. நான் ஒரு பலகையில் காலை வைத்ததும் அது முனகியது. சட்டென்று காலை எடுத்துக்கொண்டேன்.

அடுக்களையில் மீனாச்சியம்மா வெறுங்காலோடு நின்று அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார். இடுப்பில் வெளுத்த சாரோங், இறுக்கி முடிந்த கொண்டை. அண்ணனைப் பறிகொடுத்த முகத்தில் அழுத தடம் இல்லை.

"அன்னிக்கு உள்ள ஏதாவது சத்தம் கேட்டுச்சாம்மா?" என்று தம்ளரை நீட்டினார் சேதுராமன்.

"இல்ல."

"ஒரு சொட்டுகூட?"

"ஒண்ணுமே கேக்கல."

"நடராஜன் உயிரோட இருக்கலாம், இல்லையா? எவ்வளவு?"

மீனாச்சியம்மா தம்ளரை அவர் கையிலிருந்து வாங்கினார். தண்ணீர் மொண்டு கழுவி, சாரோங் நுனியில் துடைத்து, திருப்பிக் கொடுத்தார்.

"கழுவாத தம்ளர்ல என் புள்ளைய அளக்காதீங்க" என்றார். பிறகு மறுபடி அம்மிக்குத் திரும்பிக்கொண்டே, "தனா எப்ப வருவா? வந்ததும் பசிக்கும். சோறு ஆக்கி வைக்கணும்" என்றார்.

என்ன நல்ல மனசு என்று நான் நினைத்தேன். மடையன்.

தெருமுனையில் டுரியான் பழக் கடை. பக்கத்து மளிகைக் கடையில் டெலிபோன் இருந்தது. சேதுராமன் பேசிவிட்டு வந்தார். தனலட்சுமி செய்யவில்லை, நான் நேரில் வந்து விளக்கம் சொல்கிறேன் என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னாராம்.

"கட்டாயம் செய்யலையா, இல்ல செஞ்சிருக்க மாட்டாளா?" என்றேன். "எதுவா இருந்தாலும் உங்க தம்ளர்ல ஊத்திச் சொல்லுங்க, நான் குடிச்சிட்டுப் போறேன்."

அவர் ஒரு டுரியானை எடுத்து முகர்ந்தார். "இது பழுத்திருக்கா?"

"கொஞ்சம்."

"உள்ள புழு இருக்கா?"

"இருக்கலாம்."

"கொஞ்சம் பழுத்திருக்குன்னா அது பழத்தோட சமாச்சாரம். வெட்டினாலும் கொஞ்சந்தான் பழுத்திருக்கும். புழு இருக்கலாம்னா அது நம்ம தலைக்குள்ள இருக்கிற சமாச்சாரம். வெட்டினா இருக்கும், இல்லாட்டி இருக்காது. பாதிப் புழு கிடையாது."

"பாதி கடிச்சிட்டா?"

"வாயை மூடு. ராஜரத்தினம் இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கலக்கிட்டார். ஒரு சாவுக்குப் பல கதை சொல்லலாம். ஒவ்வொரு கதையும் எவ்வளவு பொருந்துதோ அவ்வளவு தம்ளர்ல ஊத்து. இப்படி நடந்திருக்கலாம்னு சொல்ல, நிறைஞ்ச தம்ளர் ஒண்ணு போதும். இப்படித்தான் நடந்திருக்கணும்னு சொல்ல, எதிர்க்கதைத் தம்ளர் எல்லாம் காலியா இருக்கணும். அவர் ஒரு தம்ளர் நிறைஞ்சதைப் பார்த்தார், மத்ததைத் திரும்பிப் பார்க்கவே இல்ல."

"எதிர்க்கதையில கால் தம்ளர் இருந்தா?"

"அப்ப உன் கட்டாயம் முக்கால்தான். முக்கால் கட்டாயத்துக்கு முழுத் தூக்குப் போட முடியாது. இங்க எதிர்க்கதை விளிம்பு வரைக்கும் நிக்குது. தான் எடுத்துச் சாப்பிட வேண்டிய இலையில தானே விஷம் வைப்பாளா?"

கடைக்காரர் பழத்தைப் பிளந்து இலையில் வைத்துக் கொடுத்தார். புழு இல்லை. சேதுராமன் ஒரு சுளையைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"நடராஜனும் அந்தப் புழு மாதிரிதான். செத்திருக்கான், இல்ல உயிரோட இருக்கான். பாதி கிடையாது. ஆனா இருக்கலாங்கிற நம்பிக்கை இருக்கே, அது மத்தவங்களுக்கு வருஷா வருஷம் வத்திக்கிட்டே வருது. பெரியவருக்கு அடித்தட்டுக்கு வந்திடுச்சு, அதான் இலை போடச் சொன்னார். அந்தம்மாவுக்கு மட்டும் இன்னும் வத்தல."

"வத்திடுச்சுன்னு ஒருத்தி இலையைப் போட்டுக் காட்டினா அந்தம்மாவுக்கு எப்படியிருக்கும்?" என்றேன், சும்மா வாய்க்கு வந்ததை.

அவர் சுளையை இலையிலேயே வைத்துவிட்டார். "வேனை எடு" என்றார்.

வேன் என் மாமாவுடையது. மசாலா ஏற்றுகிற வண்டி. காவல் நிலையத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் இருவரும் தும்மித் தீர்த்துவிட்டோம். இன்ஸ்பெக்டர் ராஜரத்தினம் வாசலுக்கே வந்து சேதுராமனின் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர், தப்பை ஒத்துக்கொள்ள வெட்கப்படாதவர்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சார். போன் வச்சதுமே அந்தப் பொண்ணை விட்டுட்டேன். பாவம், பட்டினி. எங்க ஜீப்லயே கொண்டு போய் வீட்ல இறக்கிட்டு வந்துட்டாங்க."

சேதுராமனின் முகம் வெளிறியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

"நான் வர்ற வரைக்கும் வச்சிருங்கன்னு கேக்கத்தான் வந்தேன்" என்றார். "இந்த ஊர்லயே அந்தப் பொண்ணுக்குப் பத்திரமான இடம் உங்க லாக்கப்தான். அந்த இலை அவளுக்கு வந்திருக்கணும் ராஜரத்தினம். விஷமும் அவளுக்கு வச்சது. பெரியவர் நடுவுல புகுந்துட்டார்."

"யார் வச்சது?"

"அந்த வீட்ல சத்தம் கேக்காத ஒரே ஆள். முன்னோர் வரமாட்டாங்களான்னு ஏங்கிக்கிட்டிருக்கிற வீடு அது. எலி ஓடினாக்கூடக் கேட்டுச்சும்பாங்க. அங்க மீனாச்சியம்மா மட்டும் தம்ளரைக் காலியா வைக்கிறாங்க. ஏன்னா அது யாரோட சத்தம்னு அவங்களுக்குத் தெரியும்."

"கட்டாயமா அவங்கதானா?"

"முக்கால். மிச்சக் கால் இப்ப அடுப்புல வெந்துக்கிட்டிருக்கு."

சோறு ஆக்கி வைக்கணும் என்று அந்த அம்மா சொன்னது அப்போதுதான் என் மண்டையில் இறங்கியது. நான் ஓடிப்போய் வண்டியைக் கிளப்பினேன். இன்ஸ்பெக்டர் பின்னால் மல்லி மூட்டைமேல் ஏறி உட்கார்ந்தார்.

பாதி வழியில் சாலையை அடைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் மெர்டேக்கா அணிவகுப்புக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையில் காகிதக் கொடி, முன்னால் ஒரு பெரிய டமாரம். நான் ஹார்னை அமுக்கி அத்தனை பேரையும் சபித்தேன். வாத்தியார் ஒருவர் என்னைப் பார்த்து முறைத்தார். மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. டமாரம் ஒவ்வொரு தடவை அடித்தபோதும் எனக்கு ஒரு பிடி சோறு கண்ணுக்கு முன்னால் வந்தது. நாட்டுக்கு விடுதலை வருகிற நேரத்தில் இப்படிச் சபித்ததற்கு ஆண்டவன் என்னை மன்னிக்க வேண்டும்.

வீட்டு வாசலில் நிறுத்தியபோது முன்கூடத்தில் பேச்சுக்குரல் கேட்டது. தனலட்சுமி தலைக்குக் குளித்து ஈரக் கூந்தலோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஓர் இலை. சோறு, மீன் குழம்பு, சிவக்கச் சிவக்க அரைத்த மிளகாய்ச் சம்பால். எதிரே ராமச்சந்திரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், அவனுக்கு இன்னும் இலை போடவில்லை. தனலட்சுமி கையைச் சோற்றில் வைத்துப் பிசைய ஆரம்பித்திருந்தாள்.

சேதுராமன் கத்தவில்லை. செருப்போடு உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"விருந்தாளிக்குத்தான் முதல் இலை. கையைக் கழுவிக்கம்மா, நல்லா."

மீனாச்சியம்மா கையில் அகப்பையோடு நின்றார்.

"நீங்க ஒரு வாய் சாப்பிடுங்கம்மா. ருசி பார்த்துச் சொல்லுங்க."

"படைக்கிறதுக்கு முந்தி ருசி பார்க்கறதில்ல" என்றார் மீனாச்சியம்மா.

"இன்னிக்குப் பார்ச்சு இல்லையே."

ராமச்சந்திரன் இலையைப் பார்த்தான், அத்தையைப் பார்த்தான், தனலட்சுமியின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டான். சேதுராமன் பையிலிருந்து தம்ளரை எடுத்துத் தரையில் வைத்தார்.

"கழுவின தம்ளர்தான். நீங்களே கழுவினது. நடராஜன் உயிரோட இருக்கலாம். எவ்வளவு?"

மீனாச்சியம்மா அகப்பையை வைத்துவிட்டுச் செம்பை எடுத்தார். தம்ளர் நிறைந்த பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தார். தண்ணீர் பலகையில் ஓடியது.

"உயிரோட இருக்கிறவனுக்கு இலை போட்டா அதுக்குப் பேர் என்ன?" என்றார். "நான் கண்ணை மூடிக்கிட்டு எப்படி உக்கார்றது? உள்ள போய் அவன் இலைகிட்ட நின்னேன். ஊமத்தை கையில இருந்துச்சு. செத்திருந்தா அன்னிக்கு வந்திருப்பான். வந்தா கீழ கொட்டிட்டு அழலாம்னுதான் இருந்தேன். நின்னு நின்னு பார்த்தேன். வரல."

"அதனால வச்சீங்க."

"போட்டவ எடுக்கட்டும்னு வச்சேன். அடுக்களைக்குப் போய் வெந்நீரை இறக்கிட்டு வந்து பார்த்தா அண்ணன் சாப்பிட்டு முடிச்சிருந்தாரு." அவர் குரல் முதல்முறையாக உடைந்தது. "அண்ணன் ஏன் அந்த இலையை எடுத்தாருன்னு எனக்கு இன்னும் புரியல. யாரும் சொல்லவும் இல்ல."

சேதுராமன் தம்ளரிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார்.

"உள்ள காலடிச் சத்தம் கேட்டுச்சும்மா. உங்க அண்ணன் அதை நடராஜன்னு நினைச்சுட்டார். மருமகன் வந்து நின்ன இலைன்னுதான் ஓடிப்போய் உக்காந்தார்."

மீனாச்சியம்மா குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"அழுதாரா?"

"சந்தோஷமா அழுதாரு அத்தை" என்றான் ராமச்சந்திரன்.

ராஜரத்தினம் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசற்படியில் நின்றார். மீனாச்சியம்மா தானாகவே சாரோங்கைச் சரி செய்துகொண்டு தனலட்சுமியிடம் திரும்பினார்.

"அடுத்த பார்ச்சுக்கு நீதான் இலை போடணும். அண்ணனுக்கு ஒண்ணு போடு."

தனலட்சுமி தலையாட்டினாள்.

"நடராஜனுக்கு?"

அவளைக் கொல்ல இரண்டு தடவை சோற்றில் விஷம் வைத்தவள் கேட்கிறாள். நானாக இருந்தால் வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன். தனலட்சுமி அந்தத் தம்ளரையும் அதைச் சுற்றிய ஈரத்தையும் பார்த்தாள்.

"போட மாட்டேன் அத்தை" என்றாள்.

மீனாச்சியம்மா கூடத்தைக் கடந்து வாசலை நோக்கி மெதுவாக நடந்தார். பலகைத் தரை ஒவ்வோர் அடிக்கும் லேசாக முனகியது. ராமச்சந்திரன் கண்ணை மூடிக்கொண்டான். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது.

"இதுதான் துவான்" என்றான். "அன்னிக்குக் கேட்டது."